கண்ணாடியில் எழுதிய நேரம்

ஷூ பாலிஷ் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு என் மனைவி வண்டியின் முன்கண்ணாடிக்கு எதிரே நின்றாள். வெள்ளை பாலிஷ், தலையில் பஞ்சு வைத்தது, பள்ளிப் பிள்ளைகளின் கான்வாஸ் ஷூவுக்குப் பூசுவது. அதை வைத்துத்தான் கண்ணாடியில் எண்ணை எழுத வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைல் தூரத்தைக் கடக்க நம் வண்டிக்கு எத்தனை விநாடி ஆகும் என்று ஓடுவதற்கு முன்பே நாமே எழுதிக் காட்டிவிட வேண்டும். "பதினாலே கால் போடு, தைரியமா போடு" என்றேன் நான். அவள் என் பக்கம் திரும்பாமலே 15.50 என்று எழுதிவிட்டுப் பாட்டிலை மூடினாள்.

பதினாலே கால் என்பது நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. எங்களுடையதைப் போன்ற சின்ன டர்போ வண்டிகள் ஓடும் வீடியோக்களை ஒரு வாரமாகப் போனும் கையுமாக உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது. அந்த வண்டிகளில் பின் சீட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள், டயர் வேறு, எஞ்சினிலும் என்னென்னவோ மாற்றியிருந்தார்கள். அதெல்லாம் வீடியோவுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததால் என் கண்ணில் படவில்லை. நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் முதலாளி முதல் லாரி டிரைவர் வரை எல்லோரிடமும் பதினாலே கால் என்று அளந்து விட்டிருந்தேன். பயிற்சி ஓட்டத்தில் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கிரீச்சென்று சுழன்று புகையைக் கிளப்பி, வண்டி பதினாறு விநாடியில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு ஓட்டங்களில் அவள் கிளட்சைப் பதமாக விடப் பழகிக்கொண்டு அதைப் பதினைந்து நாற்பதுக்குக் கொண்டு வந்தாள். அதற்கு மேல் புள்ளி பத்து விநாடி சேர்த்துத்தான் கண்ணாடியில் எழுதியிருந்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் இதில்தான் பொருத்தமே. நான் அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்றால் அரை மணி நேரம் என்று அர்த்தம். அவள் வேலை பார்ப்பது வீட்டுச் சாமான்கள் பழுது பார்க்கும் நிறுவனத்தின் கவுண்டரில். வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒன்பது நாள் ஆகும் என்று சொல்வாள். ஏழாம் நாளே கூப்பிட்டு, ரெடியாகிவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பாள். அவர்கள் அவளை வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாடு சுமார்தான் என்று சொல்லிக்கொண்டே பரிமாறுவாள், பாத்திரம் காலியாகிவிடும். பன்னிரண்டு வருஷமாக இந்தச் சுமாரைத்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தப் பந்தயத்தின் விதி எங்கள் இரண்டு பேருக்குமே ஆகாத விதி. எழுதிய நேரத்தில் மெதுவான வண்டிக்கு முதலில் பச்சை விளக்கு எரியும். வித்தியாசம் எத்தனை விநாடியோ அத்தனை விநாடி கழித்து வேகமான வண்டிக்கு எரியும். இரண்டு பேரும் சொன்னபடியே ஓடினால் எல்லைக் கோட்டை ஒன்றாகத் தொடுவார்கள். என்னைப் போல எட்டாத எண்ணை எழுதினால் பின்தங்கித் தோற்பீர்கள். சரி, அவளைப் போலக் கூட்டி எழுதிவிட்டுச் சுலபமாக ஜெயிக்கலாமா என்றால் அதுவும் முடியாது. சொன்னதைவிட வேகமாகப் போய்விட்டாலும் தோல்விதான். விமானங்கள் இறங்காமல் போன பழைய ஓடுபாதை ஒன்றில், தகரக் கொட்டகைக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இதைக் காலையிலிருந்து பத்துத் தடவை விளக்கியிருப்பார்.

போட்டிக்கு எங்களை இழுத்து வந்தது மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். வண்டியே அவருடையதாக இருந்ததுதான். இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, "இது பதினஞ்சுக்குக் கீழ ஜென்மத்துக்கும் இறங்காது பாப்பா, நீ கடைக்குப் போக வர வெச்சுக்க" என்று தங்கைக்குக் கொடுத்துவிட்டு, பெரிய எஞ்சின் வைத்த நீளமான வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டார். அதன் கண்ணாடியில் அன்றைக்கு 13.20 என்று எழுதியிருந்தது. தங்கையை அவர் குழந்தையிலிருந்தே சீண்டுகிறவர். "உன் வண்டி கிளம்பிப் போ, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்து உன்னத் தாண்டுறேன்" என்றார். அவள் சிரித்தாள்.

இதற்கெல்லாம் அடியில் வேறொரு விஷயம் இருந்தது. திங்கட்கிழமை அந்த வண்டியைக் கைமாற்றிவிடுவதாகப் பேசி முடித்திருந்தோம். என் அப்பா அம்மா எங்களோடு வந்து இருக்கப் போகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் மடங்காது, அவரால் இந்தச் சின்ன வண்டிக்குள் நுழைய முடியாது. ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். விற்றுவிடலாமா என்று கேட்டபோது அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்தாமல், "வித்துடலாம். அது என்ன அப்படிப் பெரிய வண்டியா" என்றாள். அத்தோடு முடிந்தது பேச்சு. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று மட்டும்தான் கேட்டாள்.

முதல் சுற்றில் அவளுக்கு எதிரே ஒரு பல் டாக்டர். அவர் அவசரப்பட்டுப் பச்சை எரிவதற்கு முன்பே கிளம்பித் தோற்றுவிட்டார். இரண்டாவதில் ஒரு கல்லூரிப் பையன், மூன்றாவதில் கூரியர் கம்பெனிக்காரர் ஒருவர். இரண்டு பேரையும் அவள் ஜெயித்த விதத்தை நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வண்டி முன்னால் போய்க்கொண்டே இருக்கும், எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அதன் பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்குகள் ஒரு கணம் எரிந்து அணையும். பிரேக்கைத் தொடுகிறாள். சொன்ன எண்ணைத் தாண்டிவிடக் கூடாதென்று தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறாள். பலகையில் பதினைந்து ஐம்பத்திரண்டு, பதினைந்து ஐம்பத்தொன்று என்று வரும். மைக் பிடித்தவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இந்தம்மா கடிகாரத்தை முழுங்கிட்டு வந்திருக்காங்க" என்றார். நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்ததில் பக்கத்தில் நின்றவருடைய காபி அவர் சட்டையிலேயே கொட்டிவிட்டது. நல்ல மனிதர், அவரும் சேர்ந்து கத்தினார்.

இறுதிச் சுற்றில் எதிரே மச்சான்.

வெயில் இறங்கியிருந்தது. ஓடுபாதையின் மறுகோடியிலிருந்து குளிர்ந்த காற்று வீசத் தொடங்கி, கொடிகளெல்லாம் படபடத்தன. டர்போ வண்டிக்குக் குளிர்ந்த காற்று என்றால் கொள்ளைப் பிரியம். மதியம் முழுக்க அனலைக் குடித்து மூச்சு வாங்கிய எஞ்சின் இப்போது வேறு மாதிரி உறுமியது, எனக்கே கேட்டது. பகலெல்லாம் தேய்ந்த டயர்களின் ரப்பர் கிளம்பும் இடத்தில் கருப்பாகப் படிந்து, செருப்பை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு ஒட்டியது. "நம்பரைக் குறைச்சுப் போடு, இப்ப வண்டி நல்லா இழுக்கும்" என்றேன். இந்த ஒரு தடவை நான் சரியாகத்தான் சொன்னேன். "வேணாம், இருக்கட்டும். அதிகமாச்சுன்னா பிரேக் இருக்கே" என்றாள் அவள்.

ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால் அவள் ஸ்டியரிங் நடுவில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். துடைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. காலையில் சீட்டுக்கு அடியிலெல்லாம் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வாங்குகிறவருக்காகச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஏழு நாளை ஒன்பது நாள் என்று சொல்கிறவள், தன் ஆசையை எத்தனை குறைத்துச் சொல்லியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய வண்டியா என்று அவள் கேட்டதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு வந்தவன் நான். வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், கிளம்பும் கோட்டில் கொடி பிடித்து நின்றவர் என்னை வேலிக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்.

மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. சக்கரம் சுழலவில்லை, சத்தமே இல்லை, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் வண்டி கிளம்பிப் போயிற்று. மச்சான் தன் கோட்டில் நின்று உறுமிக்கொண்டே இருந்தார். இரண்டு விநாடிச் சொச்சம்தான் அவர் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு விநாடிக்குள் எங்கள் வண்டி இரண்டு மூன்று வண்டி நீளம் முன்னால் போய்விட்டது. பிறகு அவர் கிளம்பினார். தரை அதிர்ந்தது. பெரிய வண்டி சின்ன வண்டியை விழுங்கப் போவதுபோல் நெருங்கியது. மைக் பிடித்தவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை, எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன், தொண்டை கிழிந்தது. பாதி தூரம். முக்கால் தூரம். அவள்தான் இன்னும் முன்னால் இருந்தாள், நன்றாகவே முன்னால் இருந்தாள். இப்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், கோப்பை அவளுக்கு. நான் அந்த இரண்டு சிவப்பு விளக்குகளுக்காகக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவை எரியவில்லை.

எல்லைக்கோட்டைத் தாண்டி, அவள் ஓட்டம் முடிந்து, பாதை அகலமாகிற இடத்துக்கு வந்த பிறகுதான் எரிந்தன. சொன்ன நேரத்தைவிட வேகமாகப் போய்விட்டதால் அவள் தோற்றுவிட்டாள் என்று மைக் பிடித்தவர் அறிவித்தார். குரலில் அவருக்கே வருத்தம் இருந்தது. வெற்றி மச்சானுக்கு. நான் நேரச்சீட்டு கொடுக்கும் ஜன்னலை நோக்கி ஓடினேன். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு, விலாவில் பிடித்துக்கொண்டது.

அவள் அதற்குள் நேரச்சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள், இறங்கவில்லை. முகமெல்லாம் சிவந்து கிடந்தது. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினாள். 14.98.

"பதினாலு" என்றேன்.

"பதினாலுதான்" என்றாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு.

"பிரேக்கை மறந்துட்டியா?"

"மறக்கலைங்க. கால் அது பக்கம் போகத்தான் பாத்துச்சு. எப்பப் பாத்தாலும் கடைசியில நானே புடிச்சு நிறுத்திடுறேன். இன்னிக்கு ஒரு தடவை அது எவ்வளவுதான் போகும்னு பாக்கணும் போல இருந்துச்சு." பிறகு, "ரொம்ப நல்லா போச்சுங்க" என்றாள்.

நல்லா போச்சு என்று தன்னுடைய ஒன்றைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், வண்டியின் கூரையை இரண்டு கையாலும் தட்டினேன்.

மச்சான் பிளாஸ்டிக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன பாப்பா, கையில இருந்ததைக் கோட்டை விட்டுட்ட" என்றார். நான் சீட்டை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி படித்தார். கோப்பை மெல்லத் தோளுக்குக் கீழே இறங்கியது.

"என் கையில இருந்தப்ப இது பதினஞ்சரைக்குக் கீழ வந்ததே இல்லயே. என்ன பண்ண இதை?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. கிளட்சை நீ பிடுங்கி விடுவ, நான் மெதுவா விட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து மைக் பிடித்தவர், அடுத்த மாதப் பந்தயத்துக்கு வருகிறவர்கள் இப்போதே வண்டியைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்தார்.

அவள் இறங்கினாள். பின் சீட்டிலிருந்து ஈரத்துணியை எடுத்து முன்கண்ணாடியில் இருந்த 15.50ஐ அழுத்தித் துடைத்தாள். முதலில் வெள்ளையாக இழுபட்டது, பிறகு போய்விட்டது. கண்ணாடி காய்வதற்கு வாயால் ஊதினாள். ஷூ பாலிஷ் பாட்டிலை எடுத்துக் குலுக்கத் தொடங்கினாள்.

"அடுத்த மாசம் உன்கிட்ட ஏது வண்டி?" என்றார் மச்சான். "திங்கக்கிழமை குடுத்துடுறீங்கன்னு மாப்ள சொன்னாரே."

இந்த மாதிரி நேரத்தில் எதையாவது சொல்லி வைப்பது என் வழக்கம். அப்பாவின் முழங்கால் ஞாபகம் வந்தது, பார்த்து வைத்திருந்த வண்டியும் ஞாபகம் வந்தது. அவள் வைத்துவிட்ட ஈரத்துணியை எடுத்துப் பிழிந்தேன். அவள் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். பஞ்சைக் கண்ணாடியில் வைத்து ஒன்றை இழுத்தாள், நாலை இழுத்தாள், புள்ளி வைத்தாள், ஒன்பதைப் போட்டாள். இதுவரை அந்த வண்டி போகாத வேகம் அது. பாலிஷ் தீர்ந்துவிட்டதோ என்னவோ, பஞ்சு உலர்ந்து கீறியது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, பஞ்சு மறுபடி நனையும் வரை பொறுத்திருந்தாள். பிறகு ஒன்பதுக்குப் பக்கத்தில் பூஜ்ஜியத்தை ஆரம்பித்து, அவசரப்படாமல் சுற்றிக் கொண்டுவந்து, ஆரம்பித்த இடத்திலேயே மூடினாள்.