சந்தியாகப்பர் படகின் இரைச்சல்

1

இந்தக் கதை ஒரு கண்டன்சரில் தொடங்கியது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். 2007இல் பாம்பனில், சவேரியார் என்பவரின் ‘சந்தியாகப்பர்’ விசைப்படகில் அதைப் பொருத்தியது நான்தான். படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைச் சரிபார்ப்பது அப்போது என் பிழைப்பு. எழுத்தெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட வியாதி. வேலையைக் குறையில்லாமல் செய்தேன், வினையே அதனால்தான் வந்தது.

2

முதல் தொடக்கம்: அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த—

(பொய். கடல் அன்று சோம்பிக் கிடந்தது.)

இரண்டாவது தொடக்கம்: மின்காந்த இடையூறு என்பது யாதெனில்—

(நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆனாலும் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். டைனமோ சுற்றும்போது இரைச்சல் உண்டாகும். செட்டுக்குப் போகும் வயர் அதன் பக்கத்திலேயே ஓடினால் அந்த இரைச்சல் இதிலும் தொற்றிக்கொள்ளும். பேசினாலும் கேட்டாலும் கூடவே ‘ஙொய்ய்’ என்று ஒரு ராகம். வயரைத் தள்ளி இழுத்து, எர்த் கொடுத்து, கண்டன்சர் போட்டால் அடங்கிவிடும். என் சாஸ்திரம் அவ்வளவுதான்.)

3

என்னைக் கூப்பிட்டவர் படகுச் சங்கத்துப் பெஞ்சமின்.

“போன மாசம் நடுக்கடல்ல எம் போட்டு இஞ்சின் நின்னுபோச்சு தம்பி. பக்கத்துல கெடந்தது சவேரியாரு போட்டுதான். கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்ட வத்திப்போச்சு. அவன் செட்டுல ஒரே இரைச்சல், ஒண்ணும் அவன் காதுல விழுகல. மறுநாள் வரைக்கும் மிதந்துகிட்டே கெடந்தோம்.”

காலையில் வேலையை முடித்தேன். சவேரியார் ஸ்பானரை மட்டும் எடுத்து எடுத்துக் கொடுத்தார். “நான் கரைச் செட்டுகிட்டப் போறேன், கொஞ்ச நேரம் கழிச்சு மைக் பொத்தானை அழுத்துங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கரைச் செட்டு இருந்தது சவேரியார் வீட்டிலேயே. அவர் மனைவி லூர்து மேரிதான் கரையிலிருந்து படகுகளோடு பேசுபவர். மாலை ஆறு மணிக்கு “எல்லாரும் சொல்லுங்க” என்பார். கடலில் இருக்கும் படகுகள் ஒவ்வொன்றாக “இருக்கேன்” என்று சொல்லும். நோட்டில் குறித்துக்கொள்வார்.

செட்டில் ‘டிக்’ என்றது. பிறகு துளிச் சத்தமில்லை.

“கேட்டீங்களாக்கா? சுத்தம்!” என்றேன் பெருமையாக.

“யாரு அது?”

“உங்க வீட்டுக்காரர்தான்.”

அவர் முகம் போன போக்கை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். [அவர் முகம் வாடிய—] [அந்த முகத்தில் ஒரு—] [அவர் முகம்—] விடுங்கள்.

“என்னத்தத் தம்பி பண்ணி வச்சீக?” என்றார்.

4

அவர்கள் இருவரும் பேசிப் பதினோரு மாதம். ஒரே மகள் அற்புதம், உப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையனை விரும்பினாள். லூர்து மேரி கணவருக்குத் தெரியாமல் கூடவே போய்க் கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு வந்தார். இனி அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றதுதான் சவேரியாரின் கடைசிப் பேச்சு. லூர்து மேரியும் வீம்புக்காரர், கூப்பிடவில்லை.

ஆனால் கடலுக்குப் போன நாளெல்லாம், மற்ற படகுகள் சொல்லி முடித்ததும் செட்டில் அந்த ‘ஙொய்ய்’ வரும். பேச்சு இருக்காது. சவேரியார் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்திருப்பார். அந்த இரைச்சல் வேறெந்தப் படகுக்கும் கிடையாது.

“வீட்டுல ஏறெடுத்துப் பாக்காத மனுசன், அங்கன இருந்து எம்புட்டு நேரம் அழுத்திக்கிட்டே இருப்பாரு தெரியுமா? அந்த ஒண்ணுதான் தம்பி எனக்கு இருந்துச்சு.”

* முன்பின் தெரியாத மெக்கானிக்கிடம் ஒரு பெண் இதையெல்லாம் சொல்வாரா என்று ஒரு நண்பர் கேட்டார். சொன்னார். அந்த நண்பரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை.

5

முடிவு அ: கண்டன்சரைக் கழற்றிவிடுகிறேன். இரைச்சல் திரும்பி வருகிறது. சுபம்.

(நிஜமாகவே ஸ்பானரை எடுத்தேன். தடுத்தது லூர்து மேரிதான். “வேணாம் தம்பி. நாளைக்கு இன்னொருத்தன் கூப்புட்டு, இவுக காதுல விழுகாமப் போனா?”)

முடிவு ஆ: சவேரியார் மனம் திருந்தித் தானாகப் பேசுகிறார்.

(அவரோடு அரை நாள் இருந்தவன் நான். மாட்டார்.)

முடிவு இ:

6

மதியமே சவேரியார் கடலுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கும் நான் அங்கேயே, கரைச் செட்டுப் பக்கத்தில் இருந்தேன். போக மனம் வரவில்லை. படகுகள் சொல்லி முடித்தன. கொஞ்ச நேரம் கழித்து ‘டிக்.’ பிறகு ஒன்றுமில்லை. யாராகவும் இருக்கலாம். எவருடைய கையாவது தவறிப் பட்டிருக்கலாம்.

லூர்து மேரி மைக்கை எடுத்தார். நாற்பது படகும் கேட்கும் சானலில், “அற்புதத்து அப்பா,” என்றார். “இருக்கீகளா?”

சொல்லிவிட்டார். ஆனால் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. இந்தச் செட்டுகளில் ஒரு விதி உண்டு. நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்தப் பக்கம் பேசுவது உங்களுக்குக் கேட்காது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விரல் நுனி வெளுத்திருந்தது.

“விடுங்கக்கா. விட்டாத்தான் கேக்கும்.”

“பயமா இருக்கு தம்பி.”

(அதுவும் நாற்பது படகுக்கும் போயிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.)

பிறகு, மறு கையால் என்னை வெளியே போகச் சொன்னார். வந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

7

மறுநாள் பெஞ்சமினிடம் கேட்டேன். “சவேரியார் பேசினாரா?”

“எனக்கெப்படித் தெரியும்? அந்தம்மா அந்தப் பேரச் சொன்னதுமே நாங்க எல்லாரும் செட்ட அமத்திட்டோம்ல.”

சவேரியாருடையது நீங்கலாக அத்தனை படகும். யாரும் யாருக்கும் சொல்லாமலே அணைத்திருக்கிறார்கள்.

சவேரியாரின் அந்தப் பதிலுக்காக இத்தனை நாளாக ஏங்குகிறேன். எழுதிப் பார்க்கலாம்தான். எழுதினால் அது என் குரலாகிவிடும். ஏழு பகுதிகளாகப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு நான்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்? பிறகு எங்கிருந்து கேட்கும்?

உங்கள் காது சுத்தமாக இருக்கும். நீங்கள் கேளுங்கள், நான் விடுகிறேன்.