பதினோரு வலது முட்டிகள்

மடிப்பு மேசைக்கு ஆறு கால்கள். ஆறும் இரும்பு. அதன் முன்னால் காலை ஆறரையிலிருந்து மதியம் மூன்று வரை நிற்கும் பன்னிரண்டு பேருக்கும் தலைக்கு இரண்டு கால்கள், ஒன்றுகூட இரும்பு இல்லை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தின் நிர்வாகம் இந்த வித்தியாசத்தை இன்னும் கவனிக்கவில்லை.

பெரியக்கா கவனித்திருந்தாள். வயதால் வந்த பெயர் அல்ல அது. அவளைவிட மூத்தவர்கள் மேசையில் நாலு பேர் இருந்தார்கள், அவர்களும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உயரம்தான் காரணம். அந்த உயரத்தைத் தாங்கித் தாங்கி அவளுடைய வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வருஷத்துக்குள் கத்தி வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கத்தி வைத்தால் மூன்று மாதம் படுக்கை. மூன்று மாதம் வராதவர்களுக்கு அந்தக் கூடத்தில் திரும்பி வர இடம் இருக்காது. அவள் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு கண் மங்கியதிலிருந்து சமையலறையை ஓட்டுகிறார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த வீட்டின் குடும்பத் தலைவர் பெரியக்காவின் வலது முட்டிதான்.

அவளுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல். முதுகு சாய்கிற நாற்காலிகூட வேண்டாம். மூன்று முறை கேட்டாள். முதல் முறை சூப்பர்வைசர் சிரித்தார். இரண்டாம் முறை, உட்கார்ந்தால் கை மெதுவாகிவிடும், இது நிர்வாகம் அளந்து பார்த்த விஷயம் என்றார். யார் அளந்தது, யாருடைய கையை அளந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. அதையும் நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை அவர், "வாயால கேட்டா நான் என்ன பண்றது? எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுக்க அங்கே ஒரே ஒரு காகிதம்தான் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் இலக்குப் படிவம். கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், பதிலும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். போன வருஷம் பாதிப் பேர் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் எல்லாக் கேள்விக்கும் 'யெஸ்' என்று எழுதியிருந்தார்கள். இதை வைத்து, தொழிலாளிகளிடம் இலக்கே இல்லை என்று நிர்வாகம் கண்டுபிடித்தது. இந்த வருஷம் படிவத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி மேடத்தை அனுப்பிவைத்தது.

மேடம் இரண்டு வாரம் வந்தார். வேலை தொடங்கும் முன் தினமும் கால் மணி நேரம், எல்லோரும் நின்றபடி. சுவரில் ஒரு பெரிய சார்ட் தொங்கியது. ஏம் ஹை. ஸ்டெப் பை ஸ்டெப். ஸ்டே ஆன் ட்ராக். கோ த எக்ஸ்ட்ரா மைல். மேடம் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக அர்த்தம் சொன்னார். உயரத்தைக் குறி வை என்றார், ஒவ்வொரு படியாக ஏறு என்றார், தடம் மாறாதே என்றார், கேட்டதைவிட ஒரு மைல் கூடுதலாக நட என்றார். பெரியக்கா சார்ட்டை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நடந்துகொண்டோ ஓடிக்கொண்டோ எதன் மீதாவது ஏறிக்கொண்டோ இருந்தார்கள்.

"மேடம், இதுல உட்கார்றதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இவருக்கு நகைச்சுவை உணர்வு நன்றாக இருக்கிறது என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

பயிற்சியின் கடைசிப் பகுதிதான் கொடுமை. ஆளுக்கு ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து மூன்று முறை சொல்ல வேண்டும். பெரியக்காவுக்கு எதிரே வாய்த்தவர் தள்ளுவண்டி அண்ணன். வேகவைத்துக் காயவைத்த துணியை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து மேசையில் கொட்டி, பிறகு தானும் நின்று மடிப்பவர். அவர் தினமும் 'ஐ வோன்ட் கிவ் அப்' என்றுதான் சொல்வார், அதுவும் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போன்ற முகத்தோடு.

"எதை விடமாட்டேங்கிறீங்கண்ணே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தெரியலம்மா. மேடம் என்னை விடமாட்டேங்கிறாங்க."

படிவம் ஒரு வியாழக்கிழமை வந்தது. சாப்பாட்டு மணி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேள்விகள் மூன்று. உங்கள் இலக்கு என்ன, அதை அடைய என்ன செய்வீர்கள், உங்களைத் தடுப்பது எது. மேசையில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன், வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன்தான். ஒரு வக்கீல் அலுவலகத்தில் இரண்டு வருஷம் கோப்பு தூக்கியவன். அங்கிருந்து சம்பளத்தைவிட வாதாடும் வியாதியைத்தான் அதிகமாகக் கொண்டுவந்திருந்தான். சாப்பாட்டு அறை பெஞ்சில் அவன் முதலில் பெரியக்காவின் படிவத்தை எடுத்தான்.

"கோல் என்னக்கா?"

"ஸ்டூல்."

"ஸ்டூல் எல்லாம் கோல் இல்லக்கா. கோல்னா கொஞ்சம் பெருசா இருக்கணும்."

"அப்ப பெரிய ஸ்டூல்னு எழுது."

அவன் வாதாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் சொன்னதைத்தான் எழுதினான். மணிக்குப் பத்து நிமிடம் உட்கார விரும்புகிறேன். அடையும் வரை விட்டுக்கொடுக்க மாட்டேன். தடுப்பது, என் வலது முட்டி. எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினான். அவள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டாள்.

மற்றவர்களுக்கும் எழுதித் தருவதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். ஆனால் ஒரு ஸ்டூலுக்காக அவன் வாதாடியதிலேயே பாதி நேரம் போய்விட்டது. மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் தள்ளுவண்டி அண்ணன் பெரியக்காவின் படிவத்தை உருவிக்கொண்டு போய், எழுத்து எழுத்தாகப் படம் வரைவது போலப் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். படிவம் பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து எழுதுங்கள் என்று வக்கீல் கத்தினான். படிக்கத் தெரிந்தால் உன்னிடம் ஏனப்பா வருகிறோம் என்று அவர்கள் கேட்டார்கள். மணி அடித்தபோது அவனுடைய படிவம் மட்டும் காலியாகக் கிடந்தது. எதிர்ச் சுவரில் மேடத்தின் சார்ட் தெரிந்தது. அதன் பாணியிலேயே, என் குழுவினர் தங்கள் இலக்கை அடைய உதவுவதே என் இலக்கு என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினான்.

திங்கட்கிழமை மேனேஜர் படிவங்களைப் புரட்டினார். ஒரு வலது முட்டி. இன்னொரு வலது முட்டி. பதினோராவது வலது முட்டிக்கு வந்தபோது அவர் படிவங்களைக் கவிழ்த்து வைத்தார். ஒரே மேசையில் பதினோரு பேருக்கு ஒரே முட்டி போயிருக்கிறது என்று வெளியே தெரிந்தால் எந்தெந்த அதிகாரி வந்து நிற்பான் என்று அவருக்குத் தெரியும். அன்று மதியமே ஒரு டாக்டரை வரவழைத்தார்.

டாக்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சின்னச் சுத்தியலால் தட்டினார். தள்ளுவண்டி அண்ணனின் கால் எகிறிய வேகத்தில் டாக்டரின் மூக்குக் கண்ணாடி தப்பியதே பெரிது. வலிக்கிறதா என்று கேட்டபோது இரண்டு பேர், கூட இருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், வலிக்கிறது என்று சொல்லி இடது முட்டியைக் காட்டினார்கள். பத்து முட்டிகளும் பழுதில்லை என்று தீர்ப்பாயிற்று. பெரியக்காவின் முட்டியை அழுத்திப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்து, இவருக்கு மட்டும் நிஜம் என்றார்.

பெரியக்காவுக்கு மூச்சு வந்தது. மேனேஜரும் மனிதர்தான், அவள் அருகில் வந்து அன்பாகவே சொன்னார்.

"உங்க ஒருத்தருக்குன்னா இன்னைக்கே ஒரு ஸ்டூல் போட்டுடலாம்மா. ஆனா பதினோரு பேர் எழுத்துல கேட்டுட்டாங்க. இனிமே இது பாலிசி. மேல அனுப்பணும், கமிட்டி உட்கார்ந்து பேசணும்."

கமிட்டியாவது உட்காருகிறதே என்று அவள் நினைத்தாள்.

"எத்தனை நாள் சார் ஆகும்?"

"மூணு மாசம். சில சமயம் ஆறு."

தள்ளுவண்டி அண்ணன் அன்று வேலை முடிந்ததும் வாசல் வரை அவள் பின்னாலேயே வந்தார். "தெரியாம உன் முட்டியை எழுதிட்டேன்மா" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் நொண்டிக்கொண்டே போனாள்.

படிவங்களில் நிர்வாகத்துக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். மணியடிக்கும்போது கிறுக்கியது. பத்தே நாளில் வக்கீல் இலக்கு ஒருங்கிணைப்பாளன் ஆனான். நடைபாதை ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மேசை, ஒரு பதிவேடு, இரண்டு நாற்காலிகள். யார் வேண்டுமானாலும் வேலை நேரத்தில் வந்து, தங்கள் இலக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம் என்று சுற்றறிக்கை வந்தது. முதல் வாரம் ஒருவரும் போகவில்லை. வக்கீல் வாதாட ஆளில்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் வாடிக்கொண்டிருந்தான்.

அடுத்த திங்கட்கிழமை பெரியக்கா தலையை நீட்டினாள். "பத்து நிமிஷம்னு போட்டிருக்கே, அது நின்னுக்கிட்டா, உட்கார்ந்துக்கிட்டா?"

வக்கீல் அவள் முட்டியைப் பார்த்தான். பிறகு எதிர் நாற்காலியைப் பார்த்தான். "உட்கார்ந்துதான்க்கா" என்றான். "ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான்னு எங்கேயும் போடல."

அன்றிலிருந்து மணிக்கு ஒரு முறை பெரியக்காவுக்கு இலக்கு வந்தது. ஏழரைக்கு உயரத்தைக் குறி வைப்பாள். எட்டரைக்கு ஒவ்வொரு படியாக ஏறுவாள். ஒன்பதரைக்கு ஒரு மைல் கூடுதலாக நடப்பாள். எல்லாம் பதிவேட்டில். நாற்காலியில் அவள் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள், வக்கீல் சார்ட்டைப் பார்த்து எழுதிக்கொள்வான். மூன்றாவது வாரம் முட்டி வீக்கம் வடிந்தது. என்ன, தூக்கத்தில் முனகுவதே இல்லை என்று கணவர் கேட்டார். ஊக்கம் வந்துவிட்டது என்றாள்.

அந்த நாற்காலி அவளுக்கு நிலைத்தே இருந்திருக்கும். மாதக் கடைசியில் நிர்வாகம் பதிவேட்டைப் புரட்டியதில் கெட்டது. இத்தனை இலக்குகளோடு ஒரு பெண்மணியை அவர்கள் கண்டதில்லை. மாதத்தின் ஊக்கமிகு ஊழியர் என்று அவள் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். படத்திலும் நிற்கத்தான் வைத்திருந்தார்கள்.

மேசையில் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். மறுநாள் காலை ஏழரைக்கு அவள் நடைபாதைக்குப் போனபோது கண்ணாடி அறை வாசலில் வரிசை நின்றது. முன்னால் பத்துப் பேர்.

"உங்களுக்கெல்லாம் திடீர்னு என்ன கோல் வந்துச்சு?" என்றாள்.

"உனக்கு வந்தது எங்களுக்கு வரக் கூடாதாம்மா?" என்றார் அவளுக்கு முன்னால் நின்ற தள்ளுவண்டி அண்ணன். உண்மையாகவே அவருக்கு மனத்தாங்கல்.

பெரியக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்து நிமிடம் உட்கார நூறு நிமிடம் நிற்க வேண்டும். மேசையிலாவது கையை ஊன்றிக்கொள்ளலாம். இங்கே அதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் மூன்று பேர்தான் உள்ளே போய் வந்திருந்தார்கள். வந்தவர்களும் மடிக்கப் போகவில்லை, அடுத்த சுற்றுக்காக மறுபடி வரிசையின் வாலில் நின்றார்கள். முட்டிக்குள் யாரோ ஆணி அடிக்கத் தொடங்கினார்கள்.

நடைபாதைச் சுவரோரம் முழுக்க மூட்டைகள் அடுக்கியிருந்தன. வெளுத்து, கிழிசல் என்று கழித்துக் கட்டிய விரிப்புகள். அவள் ஒரு மூட்டையைக் காலால் இழுத்தாள். அதன் மேல் உட்கார்ந்தாள். வலியில் கண் கலங்கியது, அது பாட்டுக்குக் கலங்கட்டும் என்று விட்டுவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்ற இடத்துக்கு அவள் வந்துவிட்டிருந்தாள்.

தள்ளுவண்டி அண்ணன் திரும்பிப் பார்த்தார். பெரியக்கா உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒரு மூட்டையை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் உட்கார்ந்தார். உள்ளே நாற்காலியில் முறை வந்து உட்கார்ந்திருந்தவர்கூட, வெளியே எதையோ தவறவிடுகிறோம் என்று எழுந்து வந்து ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மடிப்பு மேசை காலியாகக் கிடக்கிறதே என்று தேடிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். பெரியக்கா மட்டும் உட்கார்ந்திருந்தால் ஒரே அதட்டில் எழுப்பியிருப்பார். வாயைத் திறந்தார். எண்ணினார். பதினொன்று. வாயை மூடிக்கொண்டார்.

"என்ன இது?" என்றார் கடைசியில்.

அவர் பார்வை தன் மேல் விழுந்ததும் தள்ளுவண்டி அண்ணன், இரண்டு வாரப் பழக்கத்தில், அவர் கண்ணைப் பார்த்து, "ஐ வோன்ட் கிவ் அப் சார்" என்றார்.

சூப்பர்வைசர் மேனேஜரிடம் போனார். கால் மணி நேரம் கழித்து, யாரோ கழுவி ஊற்றிய முகத்தோடு திரும்பினார். மூட்டை மேல் உட்காரலாமா கூடாதா என்று விதியில் எங்கும் இல்லையாம். ஒருவர் என்றால் பேசித் தீர்க்கலாம், பதினோரு பேர் என்றால் பாலிசி. கமிட்டிக்கு எழுத வேண்டும். அதுவரை என்ன செய்வது என்று மேனேஜருக்கே தெரியவில்லை, விரிப்பு மடிந்து போனால் சரி என்றுதான் சொல்லியனுப்பியிருந்தார்.

"முதல்ல மேசைக்கு வாங்க" என்றார் சூப்பர்வைசர். "எதை வேணா இழுத்துக்கிட்டு வாங்க, வந்து மடிங்க."

பதினோரு மூட்டைகள் நடைபாதையில் சரசரவென்று இழுபட்டன. பெரியக்கா தன்னுடையதை மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் அவளுக்கு மேசை எட்டியது. உயரம் முதல் முறையாக உதவிற்று. ஒரு விரிப்பை எடுத்து மூலைக்கு மூலை சேர்த்தாள்.

"கமிட்டி முடிவு வர எத்தனை நாள் சார் ஆகும்?" என்றாள்.

"மூணு மாசம்."

அவள் வலது காலை மேசைக்கு அடியில் மெதுவாக நீட்டினாள்.

"சில சமயம் ஆறுன்னும் சொன்னாங்களே" என்றாள்.