கடலைக் கொல்லையில் அய்யனார் குதிரை

1954 ஆவணியில், திருவரங்குளத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், அய்யனார் கோயில் மண்குதிரைகளில் ஒன்று பீடத்தை விட்டு இறங்கி வந்து ரெங்கசாமியின் கடலைக் கொல்லையில் மேய்ந்தது. விடிந்ததும் வரும், ஒரு பாத்தியைத் தின்னும், உச்சிப்பொழுதில் திரும்பிப் போய் நின்றுகொள்ளும். அந்த வருடம் மழையும் சுமார்தான். குதிரை நடந்ததில் ஊருக்கு வியப்பில்லை. சாமி குதிரை, நடக்கத்தான் செய்யும். இத்தனை கொல்லை இருக்க, சாமி இல்லை என்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவன் கொல்லைக்கு ஏன் போனது என்பதுதான் பேச்சு.

அந்தப் பேச்சு ரெங்கசாமிக்கு எருமை மாட்டின் மேல் பெய்த மழை. அவன் மனைவி அமராவதிக்குத்தான் பயம். 1948இல் ஐயரும் அக்கினியும் இல்லாமல் கல்யாணம். பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளும் மாதம் திரும்புவதற்குள் காய்ச்சலில் போய்விட்டன. சாமி குத்தம் என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. இப்போது மூன்றாவது, எட்டு மாதம். இதையும் கேட்டுத்தான் குதிரை வந்திருக்கிறது என்று அவள் நம்பினாள்.

குதிரையைச் செய்த வேளார் தங்கமுத்து வந்து கெஞ்சினார். "ஒரு கும்பிடு போட்டுருங்க தம்பி. வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கு."

ரெங்கசாமி ஒரு வாளித் தண்ணீரைக் குதிரை முன்னால் வைத்தான். "தாகமா இருக்கும், குடிக்கட்டும். குதிரை இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அமராவதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இல்ல இல்லங்கிறீங்களே, அப்படின்னா என்னங்க? சாமி மேல அப்படி என்ன கோவம் ஒங்களுக்கு?"

கட்சி மேடையில் பேசுகிற குரல் அவனுக்கு வரவில்லை. "கோவப்படுறதுக்கு ஒரு ஆளு இருக்கணும்ல. ரெண்டு பச்சப்புள்ளயக் கோவத்துல தூக்கிட்டுப் போனான்னு ஒருத்தனச் சொல்றாங்களே, அவன் இல்லைங்கிறேன். காய்ச்சல் வந்துச்சு, போயிருச்சுக. நம்மால காப்பாத்த முடியல. நீ ஒரு தப்பும் செய்யல அமராவதி. ஒம்மேல யாருக்கும் கோவமில்ல."

முதல் பிள்ளை போனதிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்தாள், எந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறந்தோம், எந்தத் தீட்டோடு கோயில் எல்லையை மிதித்தோம் என்று. அந்தத் தேடல் அங்கேயே நின்றது. வரப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு பசித்தது. மூன்று கும்பா கம்பங்கூழ் குடித்துவிட்டுப் போய், அடுத்த வீட்டு மாட்டை விரட்டுவதுபோல் குதிரையின் கழுத்தில் ஒரு தட்டு தட்டினாள். "ஏய், அங்கிட்டுப் போ! இருக்குற நாலு செடியையும் தின்னுட்டா நாங்க என்ன செய்றது?" தட்டிய இடம் பானைபோல் கணீரென்றது. குதிரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கியது.

புரட்டாசியில் பெண் பிறந்தாள், சொர்ணவல்லி. மாதம் திரும்பியது, வருடம் திரும்பியது, பள்ளிக்கூடமும் போனாள். குதிரையும் வருடா வருடம் கடலைக் காலத்தில் வந்துபோனது. அமராவதி அய்யனாரைக் கும்பிடுவதை விடவில்லை, மன்னிப்புக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

1963இல் பக்கத்துத் தெருப் பொன்னுத்தாயின் கைக்குழந்தை இறந்தபோது, கூடியிருந்த பெண்கள் என்ன குறை வைத்தாள் என்று கிளறத் தொடங்கினார்கள். அமராவதி அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கல்லாக உட்கார்ந்திருந்தவளைக் கட்டிக்கொண்டாள். "குத்தத்தத் தேடாதடி. புள்ளைக்கு மட்டும் அழு." பொன்னுத்தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். கடலைக் கொல்லைக்குப் போகும் வழியில் தெருவை மறித்து நின்ற குதிரையை, தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒருத்தி அமராவதியைப்போலவே அதட்டித் தள்ளி நிற்கச் சொன்னாள். அது தள்ளி நின்றது.