மூன்று பெயருக்கும் ஒரே கடிதம்

1.
இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டால் மீதியை எழுத லேசாக இருக்கும்.

தேதி, பொருள், மரியாதைக்குரிய ஐயா என்று வரிசை தவறாமல் எழுதுகிறவன் நான். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய ஒழுங்கு. கெப்பாலா பத்தாஸில் திறக்கவிருந்த டயாலிசிஸ் நிலையத்துக்கு வெளிநாட்டு உதவி கேட்ட கடிதங்கள் எல்லாம் டத்தோ கிராமாட்டில் என் வீட்டு மேசையிலிருந்துதான் போயின.

2.
"பட்டர்வொர்த்தில் மழை கொட்டிய ஒரு" — வேண்டாம். அன்று மழையே இல்லை.

"ரூபினி ஒரு பாவப்பட்ட" — இதுவும் வேண்டாம். படித்தால் திட்டுவாள்.

அவள் வீடு கெப்பாலா பத்தாஸில், வேலை மாக் மண்டின் தொழிற்சாலையில். வாரத்தில் மூன்று நாள் கடல் பாலம் தாண்டி நான் இருக்கும் தீவுக்கு வந்து, டயாலிசிஸுக்காக நாலு மணி நேரம் ஊசியோடு படுக்கிறாள். லீவு தீர்ந்துவிட்டது. ஆகஸ்டு முடிவதற்குள் வீட்டுப் பக்கத்திலேயே சாயங்கால நேரம் கிடைக்காவிட்டால் வேலை இல்லை.

3.
ஜப்பான், ஜெர்மனி, ஆஸ்திரேலியா: மூன்று அமைப்புகளுக்குத் தனித்தனிக் கடிதம். ஒருவருக்கு எழுதும்போது இன்னொருவர் பேச்சை எடுப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். [பெண் பார்க்கப் போன வீட்டில், அடுத்துப் போகிற வீட்டைப் பற்றி வாய் திறப்போமா?]

டயாலிசிஸ் இயந்திரம், தண்ணீரைச் சுத்தமாக்கும் கருவி, இரண்டையும் மூன்று கடிதத்திலும் கேட்டிருந்தேன். மூவருமே இயந்திரம்தான் அனுப்பினார்கள். தண்ணீர்க் கருவி வரவில்லை. அது இல்லாமல் ஒன்றுகூட ஓடாது.

நிலையத்தின் தலைமைத் தாதி ஹபீபா பீவி சிரித்தே விட்டார். "மூணு வீட்லேருந்தும் மாப்பிள்ளதான் வந்திருக்கு அண்ணே. சோறு யாரு ஆக்குறது?"

"ஏன் ஒருத்தர்கூட அதத் தரல?" என்றேன்.

"அது பின்னால ரூம்ல கெடக்கும். குடுத்தவங்க பேர ஒட்டுனா யாரு பாக்கப் போறா?"

கூட இருந்த ரூபினி சிரிக்கவில்லை. "ஒரே லெட்டர் போடுங்கண்ணே. மூணு பேரு பேரையும் மேலயே எழுதுங்க."

"நல்லா இருக்காதும்மா."

"எனக்கு வேல போனா நல்லா இருக்குமா?"

எழுதினேன். அனுப்பும்போது விரல் கூசியது.

4.
[இங்கே ஒரு சண்டைக் காட்சி வைத்திருந்தேன். மூவரும் கோபித்து, இயந்திரங்களைத் திரும்பக் கேட்டு... அடித்துவிட்டேன். நடக்காததை எதற்கு?]

நடந்தது இவ்வளவுதான். ஜெர்மன்காரர் எழுதினார்: "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே." பெயர் ஒட்ட இடமில்லாத அந்தக் கருவியை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். தாதியர் பயிற்சியை ஜப்பான் எடுத்துக்கொண்டது. கூடுதல் இயந்திரங்களை ஆஸ்திரேலியா வேறு நிலையத்துக்கு மாற்றிவிட்டது. அவர்களுக்கு நான் அனுப்ப வேண்டிய கணக்கறிக்கையும் மூன்றுக்குப் பதில் இனி ஒன்றுதான். பல மாதங்களுக்குப் பிறகு மேசையைத் துடைத்தேன்.

5.
முடிவு. (அ) கருவி கப்பலில் சிக்கி, ரூபினியின் வேலை — எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை, உண்மையும் இல்லை.

(ஆ) ரிப்பன், மாலை, கைதட்டல். அதுவும் இல்லை. விழா இன்னும் நடக்கவில்லை.

ஆகஸ்டு இரண்டாம் வாரம். வேலை முடிந்து, சட்டையில் தொழிற்சாலை அட்டை தொங்க, ரூபினி புது நிலையத்தில் முதல் ஆளாகப் போய்ப் படுத்தாள். அங்கிருந்தே போன் செய்தாள்.

"அண்ணே, மெஷின் ஓடுது. ஆனா ஏர்கோன் ஒரே குளிரு. கொறைக்கச் சொல்லி ஒரு லெட்டர் போடுங்க!"

தாளை எடுத்துவிட்டேன். தேதி, பொருள் எழுதியாயிற்று. யாருக்கு அனுப்புவது என்று நீங்களே சொல்லுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பெயரையும் மேலே எழுதி வைத்திருக்கிறேன்.