மதிலைக் கேட்டேன்

என் மகன் ஸ்ரீரங்கனுக்கு நான் பெண் பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன். ஜாதகம் பொருந்திவிட்டது. மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருந்த ராமானுஜம் தம் பெண் சுலோச்சனாவின் போட்டோவைத் தபாலில் அனுப்பியிருந்தார். பெண் லட்சணமாகத்தான் இருந்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால் சுவரையும் காணோம், கதவையும் காணோம். ஒரே இருட்டு. அதில் அப்பளம் அப்பளமாக ஒளி வட்டங்கள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாகப் பொய்ப் பத்திரங்களோடு மாரடித்தவன் நான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்காக வீட்டை மங்கலாக்கிக் காட்டுகிறான்?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீங்க பொண்ணைப் பாக்கறேளா, ஆத்தைப் பாக்கறேளா?" என்றாள் என் மனைவி.

ஸ்ரீரங்கன் போட்டோவை எடுத்துப்போய்த் தன்னிடம் வைத்துக்கொண்டான். பையனுக்குப் பிடித்துவிட்டது. அப்படியானால் நான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?

மறுநாள் காலை மயிலாப்பூரிலிருந்து கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் மாம்பலத்தில் போய் நின்றேன். ராமானுஜம் காபி கொடுத்தார். நான் விஷயத்தைக் கேட்டதும் பெண்ணையே கூப்பிட்டுவிட்டார்.

"கார்த்திகை அன்னிக்கு எடுத்தது மாமா," என்றாள் சுலோச்சனா. "பின்னாடி மதில் பூரா அகல் ஏத்தியிருந்தோம். லென்ஸை முழுக்கத் திறந்து, நான் உக்காந்திருக்கற தூரத்துக்கு மட்டும் சரிபண்ணி வெச்சேன். தள்ளி இருக்கற சுடரெல்லாம் அப்படி வட்டமா விரிஞ்சுடும். அப்பா விசையை அழுத்தினார்."

"காமிராவைச் சரிபண்ணினது நீயா?"

"ஆமாம் மாமா."

இவளுக்கு இவ்வளவு தெரிந்திருப்பதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எழுந்து வீட்டைச் சுற்றினேன். சுவரைத் தட்டினேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

"பின்னாடி இருக்கறதெல்லாம் பளிச்சுனு தெரியணும். அப்படி இன்னொண்ணு எடுத்து அனுப்புங்கோ, மேற்கொண்டு பேசலாம்," என்றேன். சுலோச்சனா தலையை ஆட்டினாள்.

பத்தாம் நாள் கவர் வந்தது. கேட்டது கேட்டபடி இருந்தது. மதில், கதவு, கிணற்று ராட்டினம், கொடியில் உலர்த்திய வேஷ்டியின் கரைகூடத் தெளிவு. லென்ஸை இந்தத் தடவை மதிலுக்குச் சரிபண்ணியிருந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. புகைபோல ஓர் உருவம்.

கூடவே ராமானுஜத்தின் கடிதம். "தாங்கள் கேட்ட மதில் இதில் இருக்கிறது. பெண்ணைத் தாங்கள் கேட்கவில்லை என்று சுலோச்சனா அபிப்பிராயப்படுகிறாள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது. முதல் போட்டோவையும் ஜாதகத்தையும் திருப்பி அனுப்பவும்."

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்ரீரங்கன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தான். உள்ளே போய் அந்த முதல் போட்டோவை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தான்.

"நீங்களே கவர்ல போட்டு ஒட்டிடுங்கோப்பா," என்றான். "என்னால முடியலை."