வேப்பிலைக்குள் இருந்த அட்டைப்படம்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விடுகிறது என்பதுவரை எனக்குத் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். அபாண்டம். என் சமையலறை சன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது, காதும் நன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆனால் எதிர்வீட்டு மாடியில் குடிவந்த அருணாதேவி என்ன வேலை செய்கிறாள் என்பது மட்டும் மாதக்கணக்கில் எனக்குப் பிடிபடவில்லை. என் பெயருக்கே இழுக்கு.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு எங்களுடையது. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்காக மாடிக்கு மாடி அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணை மூடி உட்காருவார்கள், வட்டவட்டமாக மண்டலம் வரைவார்கள், காலையில் பப்பாளி மட்டும் சாப்பிடுவார்கள். அவர்களைப் புரிந்துகொள்வது சுலபம். இவளோ கீழ்பென்னாத்தூர்ப் பெண். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கிருமிகளைப் பற்றிய படிப்பு படித்துவிட்டு, வேலைக்கும் போகாமல், பகல் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஷேர் மார்க்கெட் என்றாள் பக்கத்து வீட்டுத் தனம். காதல் தோல்வி என்றேன் நான்.

காதல் தோல்விக்கு ஆறுதலாக ஒருநாள் வாழைப்பூ வடை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். திரை முழுக்க ஓர் உருண்டை. மஞ்சளும் குங்குமமுமாக, மேலெல்லாம் முள் முளைத்து, மாதுளம்பழத்தில் ஒரு கீற்று வெட்டி எடுத்ததுபோல் ஒரு பக்கம் திறந்து, உள்ளே பட்டை தீட்டிய கல்போல இன்னொரு கூடு.

“இது இன்னாம்மா, பலாப்பழமா?”

“சின்னம்மை வைரஸ்க்கா.”

தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

“படம்தான்க்கா, ஒட்டிக்காது,” என்று சிரித்துவிட்டு வடையை எடுத்தாள்.

அவள் வேலை இதுதான். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கிருமிகளைப் பற்றிக் கண்டுபிடித்ததையெல்லாம் படித்து, அவர்கள் அளந்து வைத்த அளவுகளை வாங்கி, அந்தக் கிருமியைக் கண்முன்னால் நிற்கிற மாதிரி கம்ப்யூட்டரில் உருவாக்கித் தருவது. காலரா, டைபாய்டு, காசநோய் என்று சுவரெல்லாம் மாட்டியிருந்தாள். ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. டைபாய்டு வந்து நான் படுத்த காலத்தில் எனக்குள்ளே இப்படி ஒரு பட்டு நூல்கண்டு நீந்திக்கொண்டிருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் படுத்திருப்பேன்.

“கலர்கூட இதேதானா?”

“கலரே கிடையாதுக்கா. வெளிச்சத்தோட அலையைவிட இது சின்னது. அதனால நிறம்னு ஒண்ணு அதுக்கு இருக்கவே முடியாது. பெரிய மைக்ராஸ்கோப்புல பாத்தாலும் சாம்பலா, மங்கலாதான் தெரியும்.”

“அப்ப இந்த மஞ்சள்?”

“அது நான் குடுக்கறது. தேரடி வீதியில குங்குமக் கடையில கோபுரம் மாதிரி குவிச்சு வெச்சிருப்பாங்க இல்ல? அங்க போய் நின்னு பாத்துட்டு வந்து போட்டேன். நிறம் என் இஷ்டம். உருவம் என் இஷ்டம் இல்லக்கா.”

அது உண்மை. முட்கள் ஒரே சீராக நின்றால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்றேன். நிஜத்தில் அது அப்படி நிற்காது என்றாள். அந்த மேல்தோல் கொஞ்சம் தொளதொளவென்று கோணலாகத்தான் இருக்குமாம். முதலில் சீராக வரைந்து, ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னதும் முழுவதையும் கலைத்துவிட்டு மறுபடி செய்தாளாம். நான் ஒரு கோலத்தில் புள்ளி தப்பினால் அதன்மேல் ஒரு பூவைப் போட்டு மூடிவிடுகிற ஆள். எனக்கு இதெல்லாம் அதிசயம்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். வெளிநாட்டு அறிவியல் பத்திரிகை ஒன்று இந்தப் படத்தை அட்டைப்படமாக எடுத்திருக்கிறது. அது அவளுடைய முதல் அட்டைப்படம். இதழ் வெளிவரும் வியாழக்கிழமை வரைக்கும் படம் வேறெங்கும் தலைகாட்டக் கூடாது. காட்டினால் வேறு படத்தைப் போட்டுவிடுவார்கள். அவள் அப்பாவோ, ஆடி முடியும்வரை பார்ப்போம், அதற்குள் இந்த வேலை நிலைக்கவில்லை என்றால் பி.எட். சேர்ந்துவிடு என்று சொல்லிவிட்டார். அட்டையில் வந்துவிட்டால் ஆய்வுக்கூடங்கள் தானே தேடி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா.”

போயும் போயும் என்னிடம் சொன்னாள். நானும் சொல்லவில்லை. அடுத்த நாளே தனம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அடுத்த வார ஞாயிறு கூழ் வார்ப்பது. தெருமுனையில் பேனர் ஏற்றியாகிவிட்டது. நடுவில் அம்மன் முகம், கீழே வழக்கம்போல் தெருப் பெரிய மனிதர்களின் தலைகள், வரிசை வரிசையாக. போன வருஷம் என் வீட்டுக்காரர் தலையை ஓரத்தில் போட்டுவிட்டார்கள் என்பதால், இந்த முறை எங்கே என்று பார்க்கத்தான் போனேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அம்மனுக்குப் பின்னால், வளைவாக நிற்கிற திருவாசிக்குப் பதிலாக மஞ்சளும் குங்குமமுமாக முள் முளைத்த அந்த உருண்டை.

என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக மாடிப்படி ஏறியதில்லை.

நடந்தது இதுதான். திரையில் தெரிகிற நிறத்தை நம்ப முடியாது, தாளில் பார்க்க வேண்டும் என்று அருணாதேவி படத்தைக் கோபியின் ஃப்ளெக்ஸ் கடையில் பெரிதாக அச்சடித்துப் பார்த்திருக்கிறாள். கோபி தன் கம்ப்யூட்டரில் விழுந்த எதையும் அழிக்கிறவன் இல்லை. எங்கள் பேனரில் அம்மனுக்குப் பின்னால் வைக்க ஏதாவது தேடியவன் கண்ணில் இது பட்டிருக்கிறது. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் அச்சடிக்கக் கொண்டுவரும் மண்டலங்களில் ஒன்று, அதிலும் மஞ்சள் குங்கும நிறத்தில், அம்மனுக்கென்றே செய்தது என்று முடிவு செய்துவிட்டான்.

அருணாதேவி செருப்புப் போடாமல் ஓடிவந்து பேனரை அண்ணாந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்து முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன்.

“பாதியை வெட்டி, திருப்பி ஒட்டியிருக்கீங்களேண்ணா,” என்றாள், கூட்டத்தோடு அங்கே நின்ற கோபியிடம்.

கோபி பெருமையாகத் தலையாட்டினான். “ஒரு பக்கம் கோணலா இருந்துச்சு பாப்பா. நான்தான் ரெண்டு பக்கமும் சமமா ஆக்கினேன்.”

“அது கோணலாதான் இருக்கணும்.” அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. “யாராச்சும் ஃபோட்டோ எடுத்தீங்களா? ஸ்டேட்டஸ் வெச்சீங்களா?”

எல்லோரும் எடுத்திருந்தார்கள், எல்லோரும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஃபோனாக வாங்கிப் பார்த்தாள். தனத்தின் ஸ்டேட்டஸில் தனத்தின் மாமனார் தலை. விழாக் குழுத் தலைவர் மணி வைத்திருந்ததில் மணியின் தலை, கூலிங் கிளாஸோடு. அவரவர் வீட்டுத் தலையைப் பெரிதாக்கி வெட்டி வைத்திருந்தார்களே தவிர, அம்மனைக்கூட ஒருவரும் வைக்கவில்லை. இந்தத் தெருவின் பக்தி அன்றைக்கு ஒரு பெண்ணைக் காப்பாற்றியது.

“அண்ணா, இதை வியாழக்கிழமை வரைக்கும் இறக்கிடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“தீபாராதனை காட்டியாச்சு. கூழ் ஊத்தற வரைக்கும் அம்மன் படத்தை இறக்கக் கூடாது,” என்றார் மணி. “அப்படி இன்னா அதுல?”

வேறு வழியில்லாமல் சொன்னாள். அது சின்னம்மை வைரஸ் என்றதும் கூட்டம் பின்னால் நகர்ந்தது, அன்றைக்கு நான் நகர்ந்த மாதிரியே. படம்தான், ஒட்டாது என்று நான் விளக்கினேன். எனக்குத்தான் அனுபவம் இருந்ததே.

மணியின் முகம் சிவந்தது. “டேய் கோபி, அம்மனுக்குப் பின்னாடி நோயைக் கொண்டாந்து நிறுத்திட்டியாடா?”

“எனக்கு இன்னாண்ணா தெரியும்? அழகா இருந்துச்சு, வெச்சேன்.”

பூக்கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாள் எழுந்து வந்தாள். காப்புக் கட்டி, தீபாராதனை காட்டி, கூழ் வார்ப்பதுவரை எங்கள் அம்மனுக்கு எல்லாம் அவள்தான். பேனரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அம்மை யாரோடதுடா?” என்று மணியைக் கேட்டாள். “ஆத்தாளோடது. அது ஆத்தா பின்னாடி நிக்காம உன் வூட்டுப் பின்னாடியா நிக்கும்? தப்பு ஒண்ணும் இல்ல.” அருணாதேவி பக்கம் திரும்பினாள். “ஆனா இறக்க முடியாதும்மா. அது எங்க கையில இல்ல.”

பந்தலுக்காக வந்த ஆட்டோவிலிருந்து வேப்பிலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்த அருணாதேவி மெதுவாகக் கேட்டாள்:

“இறக்க வேணாம்மா. அம்மன் முகத்தை விட்டுட்டு, சுத்தி மட்டும் வேப்பிலை கட்டி மறைக்கலாமா?”

கன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மை வந்த எடத்துல வேப்பிலை கட்டாம வேற இன்னாத்தக் கட்டுவாங்க? டேய் கோபி, ஏணி கொண்டா.”

கோபி ஏணியில் நின்று கட்டினான். கீழே நின்று அருணாதேவி சொல்லிக்கொண்டே இருந்தாள். “மேல ஒரு முள்ளு தெரியுதுண்ணா. இடது பக்கம் கூடு தெரியுது. இன்னும் ரெண்டு கொத்து.” தன் கையால் செதுக்கிச் செதுக்கி உண்டாக்கியதை, ஒரு முள் விடாமல் மறைத்தாள். அதன்பின் தினமும் காலையில் கன்னியம்மாள் இலையை மாற்றினாள், வாடி உதிர்ந்தால் தெரிந்துவிடும் என்று. மாற்றும்போது தெருமுனையில் காவல் நின்றது நான். யார் ஃபோனை எடுத்தாலும் அவர்கள் மருமகளைப் பற்றி விசாரித்தேன். எடுத்த ஃபோன் உள்ளே போய்விடும்.

வியாழக்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து அவள் இறங்கி வந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபோனில் அட்டைப்படம். ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே, கோணல்மாணலாக, தேரடி வீதிக் குங்குமத்தில். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அவள் பெயர். அதை முதலில் அப்பாவுக்கு அனுப்பினாளாம்.

“இன்னா சொன்னாரு?”

“‘இதுதான் நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப நம்ம வூட்ல எல்லாருக்கும் வந்துச்சா’ன்னு கேட்டாரு. ஆமாம்னேன். ‘பரவாயில்ல, நல்லாத்தான் இருக்குது’ன்னாரு.”

“பி.எட்.?”

“அதைப் பத்தி ஒண்ணும் கேக்கலக்கா. நானும் ஞாபகப்படுத்தல.”

வேப்பிலையை அவளே ஏறி அவிழ்த்தாள். ஆனால் கோபி சமமாக்கிய படத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்று சாயங்காலமே நிஜப்படத்தை அச்சடிக்க வைத்து, அம்மன் முகத்தில் கை படாமல், பழையதன்மேல் ஒட்டவைத்தாள். கன்னியம்மாள் கீழே நின்று கற்பூரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை கூழ் வாங்க வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருவாசி ஏன் ஒரு பக்கம் கோணியிருக்கிறது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கோபி முந்திக்கொண்டான்.

“அது கோணலாதான் இருக்கணும்மா,” என்றான், தானே கண்டுபிடித்த மாதிரி. பிறகு கூழ்ச் சொம்போடு அருணாதேவியிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டான். எனக்குக் கேட்கிற அளவுக்குத் தாழ்ந்த குரல்தான்.

“பாப்பா, அடுத்த வருஷத்துக்கு இன்னா கிருமி?”