அக்காவின் அச்சு இயந்திரம்

அக்காவிடம் அச்சு இயந்திரம் கிடையாது, தம்பி இருந்தான். லினோலியத் தகட்டில் எருமையைச் செதுக்கி, உருளையால் மை தடவி, தாளைப் போர்த்தி, மேலே ஒரு பலகையை வைத்து, "ஏறுடா" என்பாள். அவன் ஏறி நின்று முப்பது வரை எண்ணுவான். ஆள் நூற்றுப் பத்து கிலோ. இறங்கியதும் தாளை உரித்தால் எருமை கன்னங்கரேல் என்று வந்திருக்கும். அந்தக் கருப்பைப் பார்த்துத்தான் படக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். பின்னே, அத்தனையும் தம்பியின் உடம்பல்லவா.

அவர் கேட்டது முப்பது படம், முப்பதும் ஒன்றுபோல. ஒன்று மங்கினாலும் மொத்தமும் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார்; செய்யக்கூடிய மனிதர்தான். அக்காவின் படம் கடையில் தொங்கப்போவது இதுதான் முதல் தடவை. மூன்று மாதத்துக்கு முன்பே இருபத்திரண்டை முடித்துவிட்டு, மீதி எட்டுதானே என்று மெத்தனமாக இருந்துவிட்டாள் மகராசி. இன்று பன்னிரண்டு மணிக்கு அவர் வருகிறார். இப்போது பத்து.

தம்பி ஏறினான், எண்ணினான், இறங்கினான். அக்கா தாளை உரித்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் எருமை வெளிறி நின்றது. இன்னும் கொஞ்சம் மை தடவி மறுபடி ஏற்றினாள். அப்போதும் அதே சோகை.

"ஒழுங்கா நின்னியாடா?"

"நின்னேன்."

"அப்புறம் ஏன் இப்படி வருது?"

தம்பி இடுப்புப் பக்கம் தொளதொளத்த சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் காட்டினான். "பதினெட்டு கிலோ கொறைஞ்சிருக்கேன். மூணு மாசமா ராத்திரி வெறும் வெள்ளரிக்காய்தான்."

ஒரே வீடு, தினமும் பார்க்கிற முகம். வெளியே மொக்கிவிட்டு வந்துதான் இரவுச் சாப்பாட்டைத் தட்டிக்கழிக்கிறான் என்று இவள் நினைத்திருந்தாள். அக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று. மணியைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

"சந்தோஷம்டா. ஆனா என் எருமை முடிஞ்சப்புறம் இளைச்சிருக்கக் கூடாதா?"

இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைக் கொடுத்து ஏற்றிப் பார்த்தாள். பதினொன்று எண்ணுவதற்குள் தண்ணீர் தளும்பி ஒரு தாள் நாசமாகப் போனது. கடைசியில் தலைவிதியே என்று தம்பியின் முதுகில் அவளே தொற்றிக்கொண்டாள். ஒடிசலான உடம்புதான், ஆனாலும் நாற்பத்தைந்து கிலோவாவது தேறும். பாரம் கூடினாலும் பரவாயில்லை, கருப்புக்கு மேல் கருப்பு ஏது.

எருமை மினுமினுவென்று வந்தது. அப்புறம் என்ன, இறங்கு, மை தடவு, தொற்று, எண்ணு. எட்டாவது படத்துக்கு இருபத்தாறு எண்ணும்போது திறந்த கதவில் கடைக்காரர் நின்றார்.

"நான் அப்புறம் வரட்டுமா?"

"முப்பது வரைக்கும் பொறுங்க" என்றாள் அக்கா, முதுகிலிருந்தபடியே.

அவர் முப்பதையும் தரையில் பரப்பி, மண்டியிட்டு, மூக்கு உரசுமளவு குனிந்து பார்த்தார்.

"எல்லாம் ஒரே கருப்பு. அடுத்த மாசம் நூறு கழுதை வேணும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

அக்கா மெல்லத் தம்பியைப் பார்த்தாள். அவன் அதற்குள் சமையலறைக்குப் போய், தன் பங்கையும் சேர்த்துக் குவித்த தட்டோடு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"நான் இன்னும் பத்து கிலோ கொறையணும்க்கா. நூறு தடவை உன்னைச் சுமக்க என்னால ஆகாது. இனிமே குண்டாக வேண்டியது நீதான்."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.